தங்கமணி மாற்றி வாங்கிய கெண்டிகள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில் யார்டின் கேட்டுக்கு வெளியே தேத்தண்ணி விற்ற தங்கமணிக்குத் தெரிந்த அளவு ஒன்றே ஒன்றுதான்: தளும்ப வேண்டும். மங்கு என்கிற தகரக் குவளையின் விளிம்பு வரை ஊற்றி, இன்னும் கொஞ்சம் விட்டு, அது வழிந்து தன் விரலைச் சுட்ட பிறகுதான் ஆளிடம் நீட்டுவாள். கரி அள்ளி, வேகன் தள்ளி, நாக்கு வறண்டு வருகிறவர்கள் அந்த மங்கை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பார்கள். உதட்டைத் துடைத்துக்கொண்டே, "தங்கமணி தண்ணி குடிச்சா மத்தியானம் வரைக்கும் தாங்கும்" என்பார்கள். அந்தப் பேச்சை அவள் நகை மாதிரி போட்டுக்கொண்டு திரிந்தாள்.

பந்திங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அவளைக் கட்டிய கன்னையா சரக்கு ரயிலில் பிரேக் பிடிக்கும் வேலையில் இருந்தார். கோலாலம்பூரில் கிளம்பி, கிள்ளான் வழியாகத் துறைமுகம் வரை போய்த் திரும்பும் வண்டி. பிள்ளை இல்லை. முதல் சில வருடம் தங்கமணி அதை நினைத்து அழுதாள். பிறகு அழுவதை விட்டுவிட்டு அடுப்பைப் பெரிதாக்கினாள். தேயிலைச் சாயத்தைக் கொதிக்க வைத்து, கட்டிப்பால் டின்னைக் கவிழ்த்து, சீனியைக் கை நிறையப் போட்டுக் கலக்குகிற அவள் தேத்தண்ணி யார்டு முழுக்கப் பேரெடுத்தது. ஆனால் தினமும் அவள் ஊற்றும் முதல் மங்கு கன்னையாவுக்குத்தான். இருப்பதிலேயே பெரிய மங்கு அது. அவர் ஒரு காலைப் படியில் வைத்து, நின்றபடியே அண்ணாந்து குடித்துவிட்டுப் போவார். காலி மங்கைக் கழுவும்போது அவளுக்கு வயிறு நிறைந்துவிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் பெரிய வெள்ளம் வந்து வடிந்த மறு வருடம், ஒரு காலையில் அந்த மங்கில் பாதி அப்படியே கிடந்தது.

"என்னங்க, மிச்சம் வச்சிட்டீங்க?"

"போதும் புள்ள."

"பால் திரிஞ்சிருச்சா?"

"இல்ல இல்ல. நல்லாத்தான் இருக்கு. போதும்."

மறுநாளும் பாதி கிடந்தது. அதற்கு மறுநாளும். சோற்றை மிச்சம் வைத்திருந்தால் உடம்புக்கு ஏதோ என்று நினைத்திருப்பாள். சோறு இறங்கியது, கருவாட்டுக் குழம்பு இறங்கியது, தேத்தண்ணி மட்டும் நின்றது. அந்தப் பாதியைச் சாக்கடையில் கொட்டும்போது அவள் கை கனத்தது.

அடுத்த வீட்டு மாரியாயி இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எதையும் மனசில் வைத்திருக்கத் தெரியாதவள். "வேற எங்கயோ ருசி கண்டுட்டாரு போல," என்றாள் துணியைப் பிழிந்துகொண்டே. "வண்டி கிள்ளான்ல எவ்வளவு நேரம் நிக்குதுன்னு கேட்டுப் பாரேன்."

தங்கமணி கேட்டாள். கன்னையா ஒளிக்கவில்லை. அதுதான் அவர் செய்த பிசகு.

"கிள்ளான்ல ஒரு தேயிலக் கடை இருக்கு. லிம்னு ஒரு சீன மொதலாளி, லிம் தவுக்கேன்னுவாங்க, அவரு கடை. எஞ்சின் மாத்துற நேரத்துல அங்க உக்காருவேன். தவுக்கே நல்ல மனுசன்."

"அங்க யாரு ஊத்திக் குடுப்பா?"

"தவுக்கே இருந்தா தவுக்கே. இல்லேன்னா அவரு சம்சாரம்."

அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை. அவர் சம்சாரம். எவளோ ஒருத்தி ஊற்றுகிறாள், இவர் குடிக்கிறார், குடித்துவிட்டு வந்து என் மங்கில் பாதியை வைக்கிறார். அன்று முழுக்க யார்டில் அவள் ஊற்றிய தேத்தண்ணியில் சீனி கூடியும் குறைந்தும் இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தே குடித்துவிட்டுப் போனார்கள்.

அந்த வாரமே அவள் கிள்ளானுக்குப் புறப்பட்டாள். கோயிலுக்குப் போகும்போது மட்டும் எடுக்கிற அரக்குச் சேலையை உடுத்தி, எண்ணெய் தேய்த்துத் தலை சீவி, பூ வைத்து, மூன்றாம் வகுப்பில் ஏறி உட்கார்ந்தாள். ஸ்டேஷனில் இறங்கி விசாரித்ததும் கடையைக் காட்டிவிட்டார்கள். சிவப்புக் காகிதம் ஒட்டிய தகரப் பெட்டிகள் கூரை வரை அடுக்கிக் கிடந்தன. வறுத்த இலையின் மணம் தெருவுக்கே வந்தது.

உள்ளே கன்னையா உட்கார்ந்திருந்தார். தாழ்வான முக்காலியில், முழங்கால் இரண்டும் உயர்ந்திருக்க, கையில் பாதி எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வெள்ளைக் கோப்பை. அதை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி முகர்ந்தார். பிறகு ஒரு வாய் குடித்தார். பிறகு சும்மா இருந்தார்.

தங்கமணி வாசலிலேயே நின்றுவிட்டாள். தன் கையால் ஊற்றிய எதையும் அவர் முகர்ந்து பார்த்து அவள் கண்டதில்லை. தன் முன்னால் அவர் இப்படி உட்கார்ந்ததும் இல்லை. எதிரே இருந்த பெண்ணுக்கு ஏறக்குறைய இவள் வயதுதான். முடியை இழுத்துக் கொண்டை போட்டிருந்தாள். கொய்யாக்காய் அளவுக்கு, மூக்கு வைத்த ஒரு செம்மண் தேயிலைக் கெண்டியை எடுத்து, எந்த அவசரமும் இல்லாமல் கோப்பைகளின் மேல் சுற்றிச் சுற்றி ஊற்றினாள். கிழவியாக இருக்கக்கூடாதா என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தது வீண். அழகி என்றும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கைகள் அழகாக இருந்தன. அதைத் தங்கமணியால் பொறுக்க முடியவில்லை.

"நீ எங்க புள்ள இங்க?" என்றார் கன்னையா.

"ஏன், வரக்கூடாதா?"

அந்தப் பெண் எழுந்து இன்னொரு முக்காலி போட்டாள். இன்னொரு கோப்பையைக் கொதிநீரில் கழுவி வைத்து ஊற்றினாள். தவுக்கே சம்சாரம், பெயர் சியூ லான் என்று கன்னையா சொன்னார். தங்கமணி கோப்பையை ஒரே மடக்கில் விழுங்கினாள். பால் இல்லை, சீனி இல்லை, தொண்டை நனையக்கூட இல்லை.

"இவ்வளவுதானா?" என்றாள்.

என்ன சொல்கிறாள் என்று சியூ லான் சந்தையில் எல்லாரும் பேசுகிற பாசார் மலாயில் கேட்டாள்.

"நல்லா இருக்குன்னு சொல்றா," என்றார் கன்னையா.

"நான் அப்படிச் சொல்லல," என்று தங்கமணி மலாயிலேயே சொன்னாள். "கெச்சில். ரொம்பக் கெச்சில்." கட்டைவிரலைச் சுண்டுவிரல் நுனியில் வைத்துக் கோப்பை எவ்வளவு சின்னது என்று காட்டினாள்.

சியூ லான் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. காலிக் கோப்பையில் மறுபடி ஊற்றினாள். அதையும் தங்கமணி விழுங்கினாள். மறுபடி ஊற்றினாள். கஞ்சத்தனம் பண்ணுகிறாள் என்று திட்டவும் வழியில்லாமல் போயிற்று.

திரும்பும்போது, அவர் ஏற்றிக்கொண்ட சரக்கு வண்டியின் பின்பெட்டியில் அவள் வெடித்தாள். "நாக்கு நனையல. அதுக்கா அங்க போயி தவம் கிடக்கிறீங்க? என் தண்ணிய யார்டே குடிக்குது. உங்களுக்கு மட்டும் கசக்குதா?"

கன்னையா நல்ல மனிதர்தான். எதை எப்போது சொல்லக்கூடாது என்று மட்டும் தெரியாது. "உன்னோடது வயித்துக்கு, தங்கம்," என்றார். "அது நாக்குக்கு."

பிரிக்பீல்ட்ஸ் வரும் வரை அவள் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வாரம், கன்னையாவின் வண்டி ஓடாத நாளாகப் பார்த்து மறுபடி கிள்ளானுக்குப் போனாள். கடையில் இருக்கிற கெண்டிகளிலேயே பெரியது வேண்டும் என்றாள். அவளிடம் சின்னது இருந்தால் என்னிடம் பெரியது இருக்கட்டும் என்பதுதான் கணக்கு.

"வீட்ல எத்தனை பேர்?" என்று கேட்டாள் சியூ லான்.

"ரெண்டு பேர்."

"ரெண்டு பேருக்கு அது வேண்டாம்."

"எனக்கு அதுதான் வேணும்."

நல்லதை எனக்குக் கொடுக்க மனசு வரவில்லை என்று தங்கமணி நினைத்துக்கொண்டாள். தேங்காய் அளவிலிருந்த அந்தக் கெண்டியையும் ஒரு பொட்டலம் இலையையும் மார்போடு அணைத்துக்கொண்டு வீடு வந்தாள். மறுநாள் காலை அதில் கை நிறைய இலையைப் போட்டு, கழுத்து வரை கொதிநீர் ஊற்றி, கன்னையா குளித்து வரும் வரை மூடி வைத்தாள். சுற்றிச் சுற்றி அழகாகவே ஊற்றினாள். கறுப்பாக வந்தது. கன்னையா முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். கண் சுருங்கியது.

"பரவால்ல," என்றார்.

கஷாயம் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். பரவால்ல என்ற அந்த இரக்கம் அவளைக் கொன்றது. அவர் வேலைக்குப் போனபின் தானும் குடித்துப் பார்த்தாள். நாக்கின் அடி வரை கசந்தது.

கெண்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மூன்றாவது முறையாகக் கடைக்குப் போனபோது, சியூ லான் சொல்லிக்காட்டுவாள் என்று எதிர்பார்த்து வாயில் பதிலைத் தயாராக வைத்திருந்தாள். சியூ லான் கெண்டியை வாங்கி, மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"பெசார்," என்றாள். "ரொம்பப் பெருசு. தண்ணி நிறைய. நீங்க ரெண்டு பேரும் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள இலை உள்ளேயே கிடந்து ஊறுது. கசந்துபோகுது. கெச்சில்னா ஒரே ஊத்துல காலி. இலைக்கு ஓய்வு. மறுபடி தண்ணி, மறுபடி ஊத்து." அப்படியே செய்தும் காட்டினாள். "எல்லாரும் முதல்ல பெருசுதான் வாங்குவாங்க. பத்தாதுன்னு பயம். நானும் அப்படித்தான்."

"நீயுமா?"

சியூ லான் தண்ணீர் கொதிக்கும் வரை பேசினாள். கல்யாணமாகிக் கப்பலில் வந்து இறங்கிய புதிதில், தவுக்கேயின் கூட்டாளிகள் பிற்பகல் தோறும் கடையில் கூடுவார்களாம். பின்கட்டில் தண்ணீர் கொதிக்க வைப்பது மட்டும்தான் இவள் வேலை. முன்னால் சிரிப்புச் சத்தம் கேட்கும்; கோப்பை வைக்கிற சத்தம் கேட்கும்; இவளை யாரும் கூப்பிட மாட்டார்கள். தன்னிடம் பேசாத புருஷன் அந்தக் கெண்டியோடு அவ்வளவு பேசுகிறாரே என்று வயிறு எரியுமாம். அவர்கள் எழுந்து போனபின் அவர்கள் விட்ட இலையிலேயே தண்ணீர் ஊற்றிக் குடிப்பாளாம்.

"மிச்ச இலையிலதான் நான் கத்துக்கிட்டேன்," என்றாள்.

அன்றிலிருந்து தங்கமணிக்கு அவளைப் பிடித்துப்போயிற்று என்று சொல்ல முடியாது. வெறுப்பது கஷ்டமாகிவிட்டது, அவ்வளவுதான். பெரிய கெண்டியைக் கொடுத்துவிட்டு நாலு கோப்பை கொள்கிற கெண்டியை வாங்கி வந்தாள். சில மாதத்தில் அதுவும் பெரிதாகத் தோன்றியது. மூன்றாவது ஊற்றில்தான் இலை வாயைத் திறக்கிறது என்று அவள் கண்டுகொண்டிருந்தாள். நாலு கோப்பைக் கெண்டியில் மூன்றாவது ஊற்று வருவதற்குள் வயிறு ஊதிவிடுகிறது. இரண்டு கோப்பைக் கெண்டிக்கு மாறினாள். கோப்பையும் சிறுத்தது. பெரிய கோப்பையில் பாதி குடிப்பதற்குள் ஆறிவிடும். சின்னதென்றால் சூடு இருக்கும்போதே தீர்ந்துவிடும். யார்டில் மட்டும் எதையும் மாற்றவில்லை. வேகன் தள்ளுகிறவனுக்கு எலுமிச்சம்பழக் கோப்பையை நீட்ட அவளுக்குப் பைத்தியமா. அங்கே மங்கு தளும்பியது. வீட்டில் கோப்பை முக்கால்தான்.

கன்னையா முதலில் சந்தோஷப்பட்டார். ஓய்வு நாளில் இரண்டு பேரும் சேர்ந்தே கிள்ளானுக்குப் போனார்கள். அப்படிப் போன ஒரு நாள், லிம் தவுக்கே மூன்று கெண்டியில் இலை போட்டு ஊற்றி, எது பழைய இலை என்று விளையாட்டாகக் கேட்டார். கன்னையா மூன்றையும் முகர்ந்து, நாக்கில் உருட்டி, யோசித்து, நடுவிலிருந்ததைக் காட்டினார். தங்கமணி கடைசிக் கோப்பையைத் தொட்டாள்.

"இது மழையில நனைஞ்ச பெட்டிலேருந்து எடுத்தது," என்றாள். "பழசு மட்டும் இல்ல, ஈரம் பட்டிருக்கு."

தவுக்கே பெட்டியைத் திறந்து பார்த்தார். அடியில் ஈரக்கறை இருந்தது. உள்ளே போய், தான் தனியாகக் குடிக்கும்போது எடுக்கிற ஒரு கெண்டியைக் கொண்டுவந்தார். உள்ளங்கைக்குள் ஒளிந்துகொள்ளும் அளவு, ஒருவர் மட்டும் குடிக்கிற கெண்டி. எடுத்துக்கொள் என்று அதைத் தங்கமணியின் கையில் வைத்தார். அடுத்த சுற்றில் முதல் கோப்பை அவளுக்கு வந்தது. அதுவரை அது கன்னையாவுக்கு வந்துகொண்டிருந்தது.

திரும்பும் வண்டியில் இந்த முறை பேசாமல் வந்தவர் அவர்.

"என்னங்க?"

"ஒண்ணும் இல்ல."

"சொல்லுங்க."

"அந்தக் கடைய நான்தான் கண்டுபிடிச்சேன்," என்றார். கொஞ்சம் கழித்து, "எனக்கு அவரு ஒரு கோப்பைகூடக் குடுத்ததில்ல. குடிக்கத்தான் குடுத்தாரு. எடுத்துட்டுப் போன்னு குடுத்ததில்ல."

தங்கமணிக்கு உள்ளே இனித்தது. மறைக்கவும் அவள் பெரிதாக முயலவில்லை. இத்தனை நாள் தான் கொட்டிய பாதி மங்குகளுக்கெல்லாம் சேர்த்து அன்று அவள் ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தாள்.

அதன்பின் அவர் கோபம் வேறு வழியில் போயிற்று. வீட்டில் அவள் தன் குட்டிக் கெண்டியை எடுத்தால், "எனக்கு வேணாம்," என்று எழுந்துவிடுவார். வேண்டும் என்றாலும் அதில் ஒரு ஆளுக்குத்தான் வரும்; இரண்டு கோப்பைக் கெண்டியை அவள் கடையிலேயே திருப்பிக் கொடுத்திருந்தாள். அதுவே அவருக்குக் குத்தியது. கிள்ளானில் தவுக்கே கடைக்குப் போவதை நிறுத்திவிட்டு, பாலத்தருகே ஒரு மலையாளத்து அம்மா நடத்திய கடையில் பெரிய கண்ணாடி கிளாஸ் நிறையப் பால் தேத்தண்ணி குடிக்க ஆரம்பித்தார். செய்தி மாரியாயி மூலம்தான் வந்தது. அவள் கொழுந்தன் கிள்ளானில் பார்த்தானாம்.

"ரெண்டு கிளாஸ் குடிக்கிறாராம்," என்றாள் மாரியாயி. "தளும்பத் தளும்ப."

தங்கமணி அன்று அடுப்பை ஊதவில்லை. விறகை எடுத்துத் தரையில்தான் அடித்தாள். என் பால் தண்ணி வேண்டாம் என்று சின்னக் கோப்பையைத் தேடிப் போன மனிதர், சின்னக் கோப்பையில் நான் ஜெயித்ததும் இன்னொருத்தியின் பால் தண்ணிக்குப் போகிறாரா? இந்தப் பொறாமை பழைய பொறாமையைவிட மோசமாக இருந்தது. அப்போதாவது தனக்குத் தெரியாத ஒன்றுக்காக விட்டுப்போனார். இது தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று.

"நான் ஊத்தினா இறங்காதா?" என்று கேட்டாள்.

"நீ ஊத்தறதே இல்லியே," என்றார் கன்னையா. "யார்டுக்கு ஊத்தற. உனக்கு ஊத்திக்கிற. எனக்கு எங்க ஊத்தற?"

  காலையில் முதல் மங்கை அவருக்கு நீட்டுவது எப்போது நின்றது என்று அவள் யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை.

இருவரும் இப்படி முறைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் ரப்பர் விலையும் ஈய விலையும் விழுந்தன. சரக்கு இல்லாமல் வண்டிகள் யார்டிலேயே நின்றன. முப்பத்தொன்றாம் வருடம் ஆட்களைக் குறைத்தபோது கன்னையாவுக்கும் வேலை போயிற்று. மாரியாயி குடும்பம் உட்பட எத்தனையோ பேர் கப்பலேறி ஊருக்குப் போனார்கள். கன்னையாவும் போய்விடலாம் என்றார். தங்கமணி மறுத்தாள். யார்டில் குடிக்க ஆளில்லை; ஆனால் கிள்ளானில் சந்தை நாளில் இன்னும் கூட்டம் வந்தது. சியூ லானிடம் சொல்லி, தேயிலைக் கடைக்குப் பின்சந்தில் ஒரு முன்னறையை வாடகைக்குப் பிடித்துத் தேத்தண்ணிக் கடை போட்டாள்.

அங்கே கன்னையா தேத்தண்ணி ஆற்றும் பட்டறைக்குப் பின்னால் நின்றார். வேகன் பிரேக் பிடித்த கை, பால் தேத்தண்ணியை உயரத்திலிருந்து ஆற்றப் பழகிக்கொண்டது. மலையாளத்து அம்மா கடையில் கவனித்துக் கற்றதுதான். அதை அவர் சொல்லவில்லை, தங்கமணியும் கேட்கவில்லை. சந்தைக்கு வருகிறவர்கள் பெரிய கிளாஸ் கேட்டார்கள். பெரிய கிளாஸே கொடுத்தார்கள்.

கடை திறப்பதற்கு முன், கூடை இறக்கும் சத்தம் தெருவில் கேட்கத் தொடங்கும் வேளையில், தங்கமணி தன் குட்டிக் கெண்டியில் தனியாகக் குடிப்பாள். ஒரு காலை கன்னையா கிளாஸ்களைக் கழுவி முடித்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார். 

"எனக்கும் ஊத்து, தங்கம்," என்றார்.

ஊற்றக் கெண்டியில் ஒன்றும் இல்லை. அது ஒரு ஆள் கெண்டி. அவள் தன் கோப்பையில் இருந்ததையே அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தார். வேலை போன பிறகு அவர் முகம் அப்படி இறுக்கம் கலைந்து அவள் பார்த்தது அன்றுதான்.

அன்றைக்கே அவள் முன்தெருத் தேயிலைக் கடைக்குப் போய், இரண்டு பேருக்கான கெண்டி வேண்டும் என்றாள்.

"நல்லாக் குடிக்கத் தெரிஞ்சவங்க சின்னதுலேருந்து மேல போக மாட்டாங்க," என்றாள் சியூ லான், வேண்டுமென்றே.

"போவாங்க," என்றாள் தங்கமணி. "எதிர்ல ஆள் உக்காந்தா போவாங்க."

சியூ லான் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்ததில் மூக்கு கொஞ்சம் கோணலாக இருந்தது. ஊற்றினால் சொட்டாமல் நிற்கும் என்றாள். குட்டிக் கெண்டியைத் தங்கமணி திருப்பிக் கொடுக்கவில்லை. அது அவள் ஜெயித்தது. கன்னையாவுக்குக் காய்ச்சல் வந்து படுத்திருக்கிற நாட்களில் அதை எடுப்பாள். மற்ற நாளில் இரண்டு பேர் கெண்டிதான். வருடங்கள் போக, உறவுக்காரர் யாராவது வந்தால் எடுக்க நாலு பேர் கெண்டியும் ஒன்று வாங்கி வைத்தாள். எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்து அதற்கேற்ற கெண்டியை எடுக்கிற கை அவளுக்கு வந்துவிட்டது. பெருசா சின்னதா என்று அவள் யாரோடும் வாதாடுவதில்லை.

லிம் தவுக்கே இறந்துபோன வருடம், துக்கம் கழிந்து சியூ லான் முதல் தடவையாக இவர்கள் கடைக்கு வந்தாள். எப்போதும் ஊற்றிக் கொடுத்தே பழகியவள், யாரோ ஊற்றிக் கொடுக்க உட்கார்ந்தாள். ஊற்றியவர் கன்னையா. வயதான கைதான், ஆனாலும் ஒரு சொட்டு கீழே விழவில்லை. மூன்று கோப்பைகளையும் நிரப்பிவிட்டுக் கெண்டியை வைத்தார். சியூ லான் இரண்டு கையாலும் கோப்பையை எடுத்தாள்; அவள் கண் நிறைந்திருந்தது.

 தங்கமணி தன் கோப்பையை எடுக்குமுன், சியூ லானுக்கு ஊற்றியது தன்னுடையதைவிட ஒரு நூல் கூடுதலாக இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். இருந்தது.  கெண்டியை எடுத்துத் தன் கோப்பையில் அந்த ஒரு நூலைத் தானே விட்டுக்கொண்டு குடித்தாள்.